ஒச்சம்மாள் அத்தையின் இடம்

அனுசுயா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அவள் படிக்கும் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு நாள் கார்த்திகேய சிவம் என்ற இளைஞர் வந்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் நாட்டுப்புறக் கலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். ஆடுவதற்கு ஆள் குறைந்துபோன ஆட்டங்களை ஊர் ஊராகத் தேடிப்போய் வீடியோ எடுத்துப் பத்திரப்படுத்துவதுதான் அவர் வேலை.

"உங்க ஊர்ல அப்படி ஏதாவது ஆட்டம் இருக்கா?" என்று கேட்டார்.

வகுப்பு யோசித்தது. காளிராஜ் எழுந்து, டிவியில் பார்த்த ஆட்டம் ஒன்றை ஆடிக் காட்டட்டுமா என்று கேட்டான். கேட்டதோடு நிற்காமல் இடுப்பையும் ஒரு ஆட்டு ஆட்டினான். எல்லோரும் சிரித்து முடித்ததும் அனுசுயா கையைத் தூக்கினாள்.

"எங்க கண்டனூர்ல பின்னல் கும்மி இருக்கு சார். முளைப்பாரிக்கு ஆடுவாங்க. சடை பின்னுற மாதிரி ஒருத்தருக்குள்ள ஒருத்தர் புகுந்து வருவாங்க. எங்க அம்மாவும் ஆடுவாங்க."

"இப்பவும் ஆடுறாங்களா?"

"ஓ" என்றாள் அனுசுயா.

அந்த "ஓ"வில்தான் கோளாறு. பின்னல் கும்மி ஆடி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அனுசுயா பொய் சொல்லவில்லை. அம்மா ஆடியது அவள் கண்ணுக்குள் அப்படியே இருந்தது, அதனால் இன்னும் ஆடிக்கொண்டிருப்பதாகவே நினைத்துவிட்டாள்.

"அப்ப வர்ற ஞாயிற்றுக்கிழமை கேமராவோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் கார்த்திகேய சிவம்.

வீட்டில் அம்மா சித்ரா இதைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "யாரைக் கேட்டுடி சொன்ன? ஆட்டம் நின்னு எம்புட்டு நாளாச்சு. ஒச்சம்மா மதினி திருப்பூருக்குப் போனதோட போச்சு."

"இனிமே ஆட முடியாதாம்மா?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் அன்று சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கும்போது அவர் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அனுசுயாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. அம்மாவுக்கு இந்த ஆட்டத்தின் மேல் இவ்வளவு ஆசை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

* * *

பின்னல் கும்மிக்கு எட்டுப் பெண்கள் வேண்டும். நடுவில் அம்மனுக்காகத் தானியம் முளைக்கவைத்த சட்டி, அதாவது முளைப்பாரி, இருக்கும். எட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்று, உள்ளே புகுந்து, வெளியே வந்து, எதிரே வருகிறவர் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே போவார்கள்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. மாமியார் எந்த இடத்தில் நின்று ஆடினாரோ, அதே இடத்தில்தான் மருமகள் நிற்பாள். கல்யாணமாகி வந்த வருஷம் எந்த இடமோ, கடைசிவரை அதே இடம். இடம் மாறுகிற பேச்சே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் திடலுக்கு ஏழு பேர் வந்துவிட்டார்கள். எட்டாவது ஆளான ஒச்சம்மாள் அத்தை திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். அந்த இடத்துக்கு வர அவருக்கு மருமகளும் இல்லை. முட்டியில் ஆபரேஷன் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மகள் இனிமேல் ஊருக்கு விடமாட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

"ஏழு பேரு சமாளிச்சிக்கிருவோம்" என்றார் நாகவல்லி சித்தி. அவர் எதையும் சமாளித்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர்.

பாட்டுச் சொல்லும் சோணையம்மாள் பெரியம்மாவுக்கு வேறு கவலை. "முளைப்பாரி இல்லாம எதைச் சுத்தி ஆடுறது? அம்மனுக்குக் கோவம் வரும்."

கார்த்திகேய சிவத்தின் முகம் வாடியது. "நாளைக்குக் காலையில கேமராவைக் கல்லூரியில திருப்பிக் கொடுக்கணும். அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்கார். மறுபடி எப்பக் கிடைக்கும்னு தெரியாதும்மா."

சோணையம்மாள் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். "சரி தம்பி. பழகுறதுன்னு வச்சுக்கிருவோம். பழகுறதுக்குக் குடம் போதும்."

ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை செருகி நடுவில் வைத்தார்கள். கார்த்திகேய சிவம் கேமராவை மூன்று கால் தாங்கியில் நிறுத்தினார். பெண்கள் குடத்தைச் சுற்றி வட்டமாக நிற்க வேண்டும். ஆனால் ஏழு பேரும் கேமராவைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

"வட்டமா நிக்கலாமேக்கா" என்றார் அவர்.

"வட்டமா நின்னா பாதிப் பேரு உங்களுக்கு முதுகைக் காட்டணுமே" என்றார் சித்ரா.

"காட்டுங்களேன்."

"நல்லாயிருக்கு தம்பி நீங்க சொல்றது. வீடு தேடி வந்த புள்ளைக்கு முதுகைக் காட்டிக்கிட்டா நிப்பாக?"

கார்த்திகேய சிவம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ஏழு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவர் இந்தப் பக்கம் வந்தார். இவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். குடத்தைச் சுற்றி ஆட வந்தவர்கள் கார்த்திகேய சிவத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. அவர் சட்டை நனைந்துவிட்டது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே பயமும் வந்தது. 'இவர் ஒண்ணும் எடுக்காமலே போயிடுவாரோ?'

அப்போதுதான் அவளுக்கு ஆச்சி வீடு ஞாபகம் வந்தது.

கண்டனூரில் பெரிய பெரிய வீடுகள் உண்டு. வாசலில் நுழைந்து கொல்லைக்குப் போவதற்குள் கால் வலித்துவிடும். சொந்தக்காரர்கள் வெளியூரில் இருப்பார்கள். கல்யாணம் காட்சி என்றால்தான் கதவு திறக்கும். அப்படி ஒரு வீடு மீனம்மாள் ஆச்சியுடையது. அதைக் கூட்டிப் பெருக்குவது அனுசுயாவின் அம்மாதான். சாவியும் அவரிடம்தான்.

சனிக்கிழமைகளில் அனுசுயாவும் கூடப் போவாள். வீட்டின் நடுவே வானம் தெரிகிற வளவு இருக்கும். அம்மா அங்கே கோலம் போடுவார். பக்கத்தில் நின்று பார்த்தால் வளைவும் நெளிவுமாக ஒன்றும் புரியாது. மாடி நடையில் நின்று கம்பி வழியே எட்டிப் பார்த்தால் முழுக் கோலமும் பளிச்சென்று தெரியும்.

"சார்" என்று ஓடினாள் அனுசுயா. "ஆச்சி வீட்டு மாடியில நின்னு மேல இருந்து எடுங்க. மேல இருந்து பார்த்தா யாருக்கும் முதுகே கிடையாது."

கார்த்திகேய சிவம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கேமராவைத் தாங்கியிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

அம்மா சென்னையில் இருக்கும் ஆச்சிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "அதுக்கென்ன, ஆடுங்க" என்றார் ஆச்சி. "முடிஞ்சதும் வளவைக் கழுவி விட்டுரு சித்ரா. வீடியோ வந்தா எனக்கும் அனுப்பச் சொல்லு."

* * *

மத்தியானச் சாப்பாடு முடிந்து, வளவில் தூண்களின் நிழல் விழுந்ததும், குடத்தை நடுவில் வைத்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கார்த்திகேய சிவமும் அனுசுயாவும் மாடியில் நின்றார்கள். கேமரா கம்பி வழியாகக் கீழே பார்த்தது.

நாகவல்லி அண்ணாந்து பார்த்தார். "இப்ப எல்லாரும் உங்களுக்கு உச்சந்தலையைக் காட்டுறோம் தம்பி. கும்புடுற மாதிரிதான். தப்பில்லை."

சோணையம்மாள் பாட ஆரம்பித்தார்.

"கம்பு முளைச்சதடி, காராமணி முளைச்சதடி,
அம்மன் சிரிச்சதடி, அத்தனையும் முளைச்சதடி..."

வட்டம் சுற்றியது. கைகள் ஒன்றாகத் தட்டின. அம்மாவின் முகம் பத்து வயசு குறைந்துபோனது. அனுசுயா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு பின்னல் வந்தது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வலது கை, இடது கை. ஆஹா என்று அனுசுயா நினைக்கும்போதே, நாகவல்லியும் சித்ராவும் நெற்றிக்கு நெற்றி முட்டிக்கொண்டார்கள். பாட்டு நின்றது.

மறுபடி ஆடினார்கள். அதே இடத்தில் முட்டிக்கொண்டார்கள். மூன்றாவது முறை நாகவல்லி தப்பித்துவிட்டார், ஆனால் சோணையம்மாள் தூணில் போய் இடித்துக்கொண்டார்.

"ஒச்சம்மா எடம்தான் இடிக்குது" என்றார் சோணையம்மாள், நெற்றியைத் தடவிக்கொண்டு. "பின்னல் திரும்புறதே அவ கையிலதான். அவ நடுவுல புகுந்து ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவா. அதை வச்சுத்தான் நம்ம திரும்புவோம்."

"அவங்க எப்படி ஆடுவாங்கன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று மேலேயிருந்து கேட்டார் கார்த்திகேய சிவம்.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு என் எடம் தெரியும்" என்றார் சித்ரா.

"எனக்கு என் எடம்" என்றார் நாகவல்லி. "அடுத்த ஆளை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தா என் காலு எப்படிப் போகும்?"

இத்தனை வருஷம் கூடவே ஆடியும், ஒச்சம்மாள் ஆடியதை ஒருவரும் பார்த்ததில்லை. இது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அத்தைகிட்டயே கேட்போம்" என்றாள் அனுசுயா.

நாகவல்லியின் போனில் ஒச்சம்மாள் அத்தையின் முகம் வந்தது. வளவையும் எல்லாரையும் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் இருக்கீகளா. நான் மட்டும் இங்குட்டு வந்து கெடக்கேன்."

"மதினி, உங்க எடத்துல நீங்க எப்படிப் போவீக? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் சித்ரா.

"அதென்ன, முதல்ல வலது கால..." என்று ஆரம்பித்த அத்தை நிறுத்தினார். "இல்லை, இடது காலா? இருங்க. அங்க வந்து நின்னா காலு தானாப் போகும். உக்காந்துக்கிட்டுக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று எழுந்து நின்றார். போன் ஆடியது. ஒரு மின்விசிறி தெரிந்தது, ஒரு அலமாரி தெரிந்தது, மறுபடி மின்விசிறி தெரிந்தது.

"அம்மா! டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க என்ன பண்றீக?" என்று மகளின் குரல் கேட்டது.

அத்தை பெருமூச்சோடு உட்கார்ந்தார். "வரலையே சித்ரா. நீங்க இல்லாம வரமாட்டேங்குது" என்றார். குரல் கம்மியிருந்தது. அதற்கு மேல் யாருக்கும் கேட்க மனசில்லை.

நாகவல்லி போனை வைத்துவிட்டு, குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு பேர் ஆடுறதையே எடுத்துக்கிறேன்" என்றார் கார்த்திகேய சிவம். "ஒரு இடம் விட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்."

"ஒரு கத்தை முடியை விட்டுட்டுப் பின்னுனா அது சடையா தம்பி?" என்றார் சோணையம்மாள். "அரைகுறையா எடுத்து வச்சா, நாளைக்குப் பாக்குறவுக இதுதான் பின்னல் கும்மின்னு நெனச்சுக்கிருவாக. அதுக்கு எடுக்காமலே இருக்கலாம்."

அம்மா தூணடியில் உட்கார்ந்து, தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்க அனுசுயாவுக்குத் தாங்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கும்போது தாளம் போட்ட அந்தக் கால் இப்போது சும்மா கிடந்தது. 'நான்தானே ஓன்னு சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா அம்மாவுக்கு இந்த வருத்தமே வந்திருக்காது' என்று நினைத்தாள்.

"எதுவரைக்கும் எடுத்தீங்க சார்? காட்டுங்க" என்றாள், அழுகையை மறைக்க.

அவர் கேமராவின் சின்னத் திரையில் ஓடவிட்டார். வட்டம், பின்னல், முட்டல். அந்த இடத்தில் நிறுத்தினார்.

அனுசுயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். பிறகு இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

முட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் நாகவல்லி சித்தியின் கை தாழ்ந்து நீண்டிருந்தது. அங்கே தட்டுவதற்கு யாரும் இல்லை. அம்மாவின் கை தோள் உயரத்தில் நீண்டிருந்தது. அங்கேயும் யாரும் இல்லை. எல்லாக் கைகளும் வராத ஒரு கைக்காகக் காத்துக்கொண்டு நின்றன.

அனுசுயா தடதடவென்று படியில் இறங்கினாள்.

"சித்தி, அத்தை எப்படி ஆடுனாங்கன்னு சொல்ல வேண்டாம். அத்தை கை உங்ககிட்ட எங்குட்டு வரும்? அதைச் சொல்லுங்க."

"எங்கிட்டயா? இந்தா, இங்க" என்று நாகவல்லி யோசிக்காமல் கையை இடுப்புக்கு நேராக நீட்டினார்.

"அம்மா, உங்களுக்கு?"

"தோளுக்கு நேரா. வலது கை" என்று அம்மா எழுந்து நின்றார்.

"பெரியம்மா, உங்களுக்கு?"

"எனக்குக் கை வராது. என் முதுகுக்குப் பின்னால அவ வளையல் சத்தம் கேக்கும். கேட்டதும் நான் திரும்பிருவேன்."

கேட்கக் கேட்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவருக்கு உள்ளங்கை, ஒருவருக்குப் புறங்கை, ஒருவருக்குச் சேலைத் தலைப்பு உரசுகிற உரசல். ஒச்சம்மாள் ஆடியது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒச்சம்மாள் தன்னிடம் வந்தது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"அப்ப எல்லாரும் அந்த இடத்துலயே கையை நீட்டிக்கிட்டு நில்லுங்க. அசையாதீங்க" என்றாள் அனுசுயா. "நான் அத்தை இடத்துல இருந்து வர்றேன்."

சிலைபோல் எழுவரும் நின்றார்கள். அனுசுயா காலியாக இருந்த இடத்தில் போய் நின்றாள். முதலில் அம்மாவின் கை. அதை எட்டித் தட்ட வேண்டுமானால் இடது காலை முன்னால் வைத்தே ஆக வேண்டும். வைத்தாள். அடுத்த கை எதிர்ப்பக்கம் இருந்தது. அதற்கு உடம்பைச் சுழற்றினால்தான் முடியும். சுழன்றாள். காலை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கைகள் அவளை இழுத்துக்கொண்டு போயின.

நாகவல்லியிடம் வந்தாள். உள்ளங்கையில் தட்டிவிட்டு நகரப் பார்த்தாள். நாகவல்லி அந்தக் கையை விடவில்லை.

"விடுங்க சித்தி."

"விடமாட்டேன். இந்த எடத்துல ஒச்சம்மா மதினி என் கையில சாஞ்சு ஒரு மூச்சு நிப்பாக. அப்புறந்தான் போவாக."

"ஆமா, அந்த எடத்துல பாட்டையே நான் ஒரு இழுப்பு இழுப்பேன்" என்றார் சோணையம்மாள். "அது ரொம்பப் பழைய நிப்பு. நம்ம முன்னோர் வச்சது."

மாடியில் கார்த்திகேய சிவம் கம்பியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். "அருமை. வேற எந்த ஊர்க் கும்மியிலயும் நான் இதைப் பார்த்ததில்லை. விதை முளைக்கிறதுக்கு முன்னால மண்ணுல தங்குதே, அதைத்தான் இப்படிக் காட்டுறாங்க போல."

"இருக்கும், இருக்கும்" என்று சோணையம்மாள் பெரிய மனசோடு ஒத்துக்கொண்டார்.

அனுசுயா நாகவல்லியின் கையில் சாய்ந்து ஒரு மூச்சு நின்றாள். சித்தியின் கை அவளைத் தாங்கி, மெல்ல மேலே ஏற்றிவிட்டது. என்னமோ அந்த இடம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மெதுவாக ஒருமுறை ஆடினார்கள். அப்புறம் பாட்டோடு. சோணையம்மாள் திரும்ப வளையல் சத்தம் வேண்டுமே, அனுசுயாவின் கையிலோ ஒரு ரப்பர் வளையம்தான் இருந்தது. நாகவல்லி தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். அவை முழங்கைவரை ஏறி இறங்கின. சத்தத்துக்குக் குறைவில்லை.

"தம்பி, எடுங்க" என்றார் சோணையம்மாள்.

இந்தமுறை யாரும் யாரையும் முட்டவில்லை. நீட்டிய கைகளுக்கெல்லாம் தட்டு கிடைத்தது. வளையல் சத்தத்துக்குச் சோணையம்மாள் திரும்பினார், சித்ரா உள்ளே புகுந்தார், நாகவல்லி தாங்கினார், பாட்டு ஒரு மூச்சு இழுத்து மறுபடி கிளம்பியது. பின்னல் முழுசாகப் பின்னி, முழுசாகப் பிரிந்து, எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் வந்து நின்றார்கள்.

மாடியில் சத்தமே இல்லை.

"என்ன தம்பி, எடுக்கலையா?" என்று அண்ணாந்து கேட்டார் சித்ரா.

"எடுத்துட்டேன்க்கா" என்றார் கார்த்திகேய சிவம். "இன்னொரு தடவை ஆடுவீங்களா? எடுக்கறதுக்கு இல்லை. சும்மா பார்க்கணும் போல இருக்கு."

* * *

வீடியோவைப் பார்க்க எட்டுப் பேரும் மாடிப்படியில் முட்டிமோதி ஏறினார்கள். அனுசுயாவைத் தவிர அவர்களில் யாரும் இந்த ஆட்டத்தை வெளியே நின்று பார்த்ததே இல்லை. திரையில் எட்டு உச்சந்தலைகள் பூமாலை கட்டுவது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தன.

"இதையா நம்ம இத்தனை வருஷம் ஆடிக்கிட்டு இருக்கோம்?" என்றார் அம்மா. மடியில் கிடந்த கனகாம்பரம் மறுபடி தலைக்கு ஏறியிருந்தது.

முதல் வேலையாக வீடியோவைத் திருப்பூருக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒச்சம்மாள் அத்தையே கூப்பிட்டார்.

"ஏ நாகவல்லி, இது எப்ப எடுத்தது? நான் ஆடுறப்ப மேல இருந்து யாரு எடுத்தா? எனக்குத் தெரியவே இல்லையே."

மாடியே சிரித்தது. "மதினி, அது நீங்க இல்லை. நம்ம சித்ரா மக அனு."

"அனுவா?" அத்தை வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு, "பொய் சொல்லாத. அந்தா, உன் கையில சாஞ்சு நிக்குதே, அது நான்தான்" என்றார்.

"அந்த நிப்பைப் பத்தித்தான்மா கேக்கணும்" என்று கார்த்திகேய சிவம் போனுக்கு அருகில் வந்தார். "அது எத்தனை தலைமுறையா இருக்கு? விதை மண்ணுல தங்குறதைத்தானே காட்டுது?"

"என்ன விதை?" என்றார் அத்தை. "அது என் முட்டி வலி தம்பி."

நாகவல்லி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த எடத்துல திரும்புனா முட்டி சுருக்குன்னு பிடிக்கும். வலிக்குதுன்னு சொன்னா ஆட வேணாம்பாக. அதான் யாருக்கும் தெரியாம நாகவல்லி கையில சாஞ்சு ஒரு மூச்சு விட்டுக்கிருவேன்."

"பாசத்துல கையைப் பிடிக்கிறீகன்னுல்ல நான் இத்தனை வருஷம் நெனச்சேன்" என்றார் நாகவல்லி.

சோணையம்மாள், முன்னோர் வைத்தது என்று தான் சொன்னதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் வைத்திருந்தார்கள். அவர்தான் முதலில் சிரித்தார். அடுத்தது கார்த்திகேய சிவம். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அதை மட்டும் வெட்டிருங்க தம்பி" என்றார் அத்தை. "என் முட்டி வலி எல்லாம் படத்துல எதுக்கு?"

"வேண்டாம் அத்தை" என்றாள் அனுசுயா. "ஆட்டத்துலயே எனக்கு அந்த இடம்தான் பிடிச்சிருக்கு. நான் சாய்ஞ்சதும் சித்தி தாங்குனாங்க, பெரியம்மா பாட்டை இழுத்தாங்க, எல்லாரும் எனக்காக நின்னாங்க. அது இருக்கட்டும்."

அத்தை மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "அப்ப இருக்கட்டும்" என்றார்.

"நிப்புக்கு என்ன பேர் போடட்டும்?" என்று கேட்டார் கார்த்திகேய சிவம்.

"ஒச்சம்மா நிப்பு. வேறென்ன?" என்றார் சோணையம்மாள்.

* * *

அந்த வருஷ முளைப்பாரிக்கு ஒச்சம்மாள் அத்தை ஊருக்கு வந்துவிட்டார். மகள்தான் கூட்டிவந்தார். அந்த வீடியோவை அத்தை ராத்திரி பகல் பார்க்காமல் ஓடவிட்டதில், பாட்டு தனக்கே மனப்பாடமாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

முதல் சுற்று அத்தை, இரண்டாவது சுற்று அனுசுயா என்று சோணையம்மாள் தீர்ப்புச் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் திடலில் பழகினார்கள். ஒச்சம்மாள் அத்தை தன் இடத்தில் போய் நின்றார். கால் தானாகப் போனது. வலியும் இல்லை. அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, நாகவல்லியின் கையைத் தட்டிவிட்டு, நிற்காமல் விறுவிறுவென்று போன அத்தை, நேராகச் சோணையம்மாளின் முதுகில் போய் இடித்தார்.

மற்ற ஏழு பேரும் நிப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒச்சம்மா, நிப்பை விட்டுட்ட" என்று கோபமாகச் சொன்னார் சோணையம்மாள்.

"எனக்குத்தான் முட்டி சரியாப் போச்சே."

"உன் முட்டி சரியாப் போனா? ஆட்டத்துக்கு நிப்பு வேணும்ல?"

அத்தை மலைத்துப்போய் நின்றார். அனுசுயா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, நாகவல்லியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இங்கதான் அத்தை. சாஞ்சுக்கங்க. ஒரு மூச்சு நில்லுங்க."

ஒச்சம்மாள் அத்தை சாய்ந்துகொண்டார். நாகவல்லி தாங்கினார். சோணையம்மாள் பாட்டை இழுத்தார். வலி ஒன்றும் இல்லாத காலோடு, அத்தை அந்த இடத்தில் நிம்மதியாக ஒரு மூச்சு நின்றார்.